டேப்பு பிடித்தவன்

தாலோங்கன் கரையில் படகுக்கு வருஷத்தில் ஐந்து மாதம் கை கிடையாது. ஜூனில் கச்சான் காற்று எழுந்து மேற்குக் கடலை வாரிக் கரைமேல் கொட்ட ஆரம்பித்ததும், குறுக்குக் கழிகளை அவிழ்த்து, இரண்டு பக்க மிதவை மூங்கில்களையும் உருவித் தென்னந்தோப்பில் அடுக்கிவிட்டு, வெறும் உடம்பைக் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். நவம்பரில் வாடைக்காற்று திரும்பியதும் கழியும் மிதவையும் கட்டி மறுபடி கை பூட்டுவார்கள். இதில் பேச என்ன இருக்கிறது என்று அந்த ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள். கோழி இறகு உதிர்ப்பதைப் பற்றி எவனாவது உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பானா?

அந்த யோசிக்காத விஷயம்தான் செவெரோவின் தலையில் வந்து விழுந்தது.

கடலுக்கும் தோப்புக்கும் நடுவே இருந்த மணல்வெளியை, பக்கத்திலேயே விடுதி நடத்திவந்த கம்பெனி வாங்கி, அலை வரும் பக்கம் நீளச் சுவர் எழுப்பப் போவதாகச் சொன்னபோது ஊரே நகரசபைக்குத் திரண்டு போனது. படகு தோப்புக்கு ஏற வழி விட்டுத்தான் சுவர் கட்ட வேண்டும் என்று நகரசபை உத்தரவு போட்டது. ஊருக்கு அது பெரிய வெற்றி. பன்றி அடித்துத் தின்றார்கள். எவ்வளவு அகல வழி என்று அளந்து எழுத ஆகஸ்டில் ஒரு இன்ஜினியர் வந்தார். மீசை முளைத்தும் முளைக்காத வயது, மரியாதையான பையன்.

"இங்க மூத்த படகுக்காரர் யாரு? இந்த நுனியக் கொஞ்சம் பிடிச்சுக்க முடியுமா மனோங்?" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

செவெரோவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு தோப்பெல்லாம் கவிழ்ந்து கிடந்த படகுகளுக்குக் குறுக்கே நடந்தான். பதினான்கு படகையும் அளந்தார்கள். அதிலே அகலமானது மூன்றடி.

"மூணடிக்கு மூணடின்னு வச்சா இடிக்கும். நான் ரெண்டு மடங்கா ஆறடி போட்டுடறேன் மனோங்," என்றார் பையன்.

"நல்லா இருப்பீங்க சார்," என்று செவெரோ அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான். காகிதத்தில் முதல் கையெழுத்து அவனுடையது. அதற்குக் கீழே மற்ற பதின்மூன்று பேர். கை கழற்றிய படகைத்தான் அளக்கிறோம் என்று பதினான்கு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அந்த மாதத்தில் படகு அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் முதல் வாரத்தில் முதல் படகாக அவனுடைய எஸ்த்ரெல்யாவைத்தான் தோப்பிலிருந்து தூக்கினார்கள். குறுக்குக் கழிக்கு அடியில் பன்னிரண்டு தோள். புது வாசலுக்கு வந்ததும் கழி நுனிகள் இரண்டும் சுவரில் 'டொக்'கென்று இடித்து நின்றன. ஆறடி வாசல். கை விரித்துப் பதினான்கு அடி அகலப் படகு.

"என்னடா நிக்குது, தள்ளுங்க," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"எதத் தள்ள? சுவத்தையா?" என்றான் முன்னாலிருந்தவன்.

பாரம் தோளை அறுத்துக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தவன் பொன்சிங். செவெரோவுக்கு அடுத்த படகுக்காரன், ஒரே வயதுக்காரன், சின்ன வயதிலிருந்து ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே வளர்ந்தவர்கள். அவன் சிரித்த சிரிப்பில் பன்னிரண்டு தோளும் ஆடியது. செவெரோ சிரிக்கவில்லை.

விடுதி மேனேஜர் மணிலாக்காரர். குரலை உயர்த்தாத மனிதர். காகிதத்தை விரித்துக் காட்டினார்.

"நீங்க சொன்ன அளவுக்கு ரெண்டு மடங்கு விட்டிருக்கோம். கீழ முதல் கையெழுத்து யாரோடது, பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து செவெரோவுக்குப் பெயர் டேப்பு.

கைகளைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய்ப் பூட்டிக்கொண்டார்கள். பூட்ட அரை நாள் ஆகும். அவிழ்க்க இரண்டு மணி நேரம். தினமும் அது ஆகிற காரியமா? படகுகள் சுவருக்கு வெளியே ஈர மணலிலேயே கிடந்தன. வாடைக் காலத்தில் கடல் தூங்கும், பரவாயில்லை. ஆனால் டிசம்பரில் ஒரு புயலாவது வரும். வந்தால் காற்று மேற்கே திரும்பும். திரும்பினால் கடலுக்கும் சுவருக்கும் நடுவே படகு அம்மியில் அகப்பட்ட மிளகாய்தான். இது எல்லோருக்கும் தெரியும். எவனும் வாய் திறந்து சொல்லவில்லை, செவெரோவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடையில் பொன்சிங் தென்னங்கள்ளை ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"இவன் கல்யாணத்துக்குச் சட்ட தைக்க டெய்லர் வந்தானே, தெரியுமா கத? அளவெடுக்கறப்ப டேப்பு ரெண்டு கையையும் கழட்டி மூலையில வச்சிட்டு நின்னுருக்கான்."

கடையே உருண்டது. செவெரோவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கள்ளிருந்த கண்ணாடி ஜாடியைத் தூக்கிப் பொன்சிங்கின் காதோடு சேர்த்து அடித்தான். காது மடல் கிழிந்து தொங்கியது. பொன்சிங்கின் தம்பிகள் மூன்று பேர் செவெரோவைத் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். முன்பல் இரண்டு போனது. நியாயம் கேட்க ஒருவரும் வரவில்லை.

வீட்டில் பாசிங், அவன் மனைவி, வாயைக் கழுவிவிட்டாள்.

"அவன் சொன்னது பொய்யா?" என்று கேட்டாள்.

"நீயுமாடி."

"நான் கேக்கறேன். பொய்யா?"

"பதினாலு பேரு கையெழுத்துப் போட்டான்."

"பதினாலு பேரும் உன்னைப் பாத்துப் போட்டான். டேப்பு பிடிச்சவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு போட்டான். காடிய வாயில ஊத்திக் கொப்புளி. எரியும். எரியட்டும்."

எரிந்தது. பாசிங் சொன்னால் அதில் உப்புக் குறையாது. அவனை விட்டுக்கொடுக்கவும் மாட்டாள், தடவிக்கொடுக்கவும் மாட்டாள்.

இதற்கு நடுவில் அவள் தம்பி ருஃபோ வேறு. ஆறு வருஷம் எஸ்த்ரெல்யாவில் வலை இழுத்தவன், போன செப்டம்பரில் விடுதியில் காவல் வேலைக்குச் சேர்ந்து, நீலச் சட்டையும் தோளில் துப்பாக்கியுமாக அதே ஆறடி வாசலில் நின்றான். மீன்கூடையோடு பெண்கள் வாசலில் வரக்கூடாது, விருந்தாளிகளுக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, சுவரைச் சுற்றித்தான் போகவேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. சுற்றினால் ஒன்றரைக் கிலோமீட்டர். ருஃபோ சொந்த அக்காவின் கூடையையே மறித்தான். பாசிங் கூடையோடு சுற்றிப் போனாள். பின்னால் வந்த செவெரோவால் அப்படிப் போக முடியவில்லை.

"அவ உன்னை இடுப்புல வச்சு வளத்தவடா."

"எனக்கு மேல ஆளு இருக்காங்க மச்சான். அவங்க சொல்றத நான் செய்யறேன்."

"என் படகுல சோறு தின்னப்ப யாரு சொல்லி வலை இழுத்த?"

"அந்தப் படகு ஏன் வெளிய கெடக்குது? டேப்பு பிடிச்சது நானா?"

செவெரோ அறைந்தான். தொப்பி பறந்து மணலில் விழுந்தது. நீச்சல் குளத்துப் பக்கம் நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ருஃபோ குனிந்து தொப்பியை எடுத்துத் தட்டினான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அவன் திருப்பி அடித்திருந்தால்கூடத் தேவலை.

டிசம்பர் பதினொன்றாம் தேதி விடியும்போதே வானம் செப்புப் பாத்திர நிறத்தில் இருந்தது. முந்தின ராத்திரி வரை வடக்கே விலகிப் போகும் என்று ரேடியோ சொன்ன புயல், மத்தியானத்துக்குள் தீவுக்கு அருகே கடக்கும் என்று காலையில் சொன்னது. பதினான்கு படகுக்காரர்களும் அரிவாளோடு கரைக்கு ஓடினார்கள். கட்டுகளை அவிழ்க்க நேரமில்லை, நைலான் கயிற்றை வெட்டினார்கள். கை போன படகை வாசல் வழியாக ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். பத்து மணிக்கு நான்கு படகு தோப்புக்கு ஏறியிருந்தது.

அப்போது காற்று திரும்பியது. வாடை சட்டென்று ஓய்ந்து, ஒரு பீடி பிடிக்கிற நேரம் அமைதி. பிறகு மேற்கிலிருந்து ஓங்கி ஒரு அறை. மழை படுத்த வாக்கில் வந்தது. நாலாவது அலை சுவரைத் தொட்டது. இனிமேல் கயிற்றை வெட்டவும் முடியாது. தண்ணீரில் நிற்கிற படகுக்குக் கையை வெட்டினால் அந்த நிமிஷமே உருண்டுவிடும். பொன்சிங்கின் படகுக்கு ஒருபக்க மிதவையைக் கடலே பிய்த்துக்கொண்டு போனது. அவன் மார்பளவுத் தண்ணீரில் நின்று அந்தப் பக்கத்தைத் தோளால் தாங்கிக்கொண்டு, கடவுளையும் செவெரோவையும் மாற்றி மாற்றித் திட்டினான்.

செவெரோ அவன் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே நின்றான். வழக்கமாக வருகிற கோபம் வரவில்லை. அரிவாளை எடுத்துத் தன் எஸ்த்ரெல்யாவின் முன்கழியைக் கட்டியிருந்த கயிற்றை இரண்டு வெட்டில் அறுத்தான்.

"டேய் பைத்தியக்காரா, படகு போயிரும்டா," என்று பொன்சிங் கத்தினான்.

படகு போயிற்று. உருண்டு, அடிவயிறு தெரிய ஒரு தரம் நிமிர்ந்து, சுவரில் மோதி, இரண்டாம் மோதலில் பலகை பலகையாகப் பிரிந்தது. பதினொரு வருஷப் படகு. செவெரோ திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் உட்கார்ந்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். கழன்ற பதினான்கு அடிக் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரருகே வந்தான். ஒரு நுனியை வாசலின் இடது தூணில் ஊன்றி, கழியைச் சுவரோடு சேர்த்துப் படுக்க வைத்து, மறுநுனி எங்கே முடிந்ததோ அங்கே அரிவாளால் ஆழமாகக் கீறினான்.

"சம்மட்டி கொண்டாங்க. இங்கேர்ந்து வாசல் வரைக்கும்."

கடலில் மீனை மடக்குகிற பட்டிக்கு முளை அடிக்கிற சம்மட்டிகள் மூன்று வந்தன. ருஃபோ வாசலில் நின்றான். மழையில் அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகமாக இருந்தது, துப்பாக்கி மட்டும் பெரியதாக இருந்தது.

"ஆளுங்க உள்ள வாங்க மச்சான். கதவத் தெறந்துதான வச்சிருக்கேன். படகு போனாப் போகுது, ஆளுங்க வாங்க."

"படகு போனா ஆளு எதுக்குடா?"

"சுவத்த இடிச்சா விடுதிக்குள்ள தண்ணி ஏறும். உள்ள நாப்பது பேரு இருக்காங்க. என்னைச் சுடச் சொல்லியிருக்காங்க."

"சுடு."

முதல் அடியை செவெரோ போட்டான். ஹாலோபிளாக் உள்ளே வெற்றிடம்தானே, சொத்தைப் பல்போல உடைந்து விழுந்தது. ருஃபோ வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டான். காற்றில் அந்தச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. சம்மட்டிகள் நிற்கவில்லை. ஒரு கல் தெறித்து ருஃபோவின் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் பயத்தில் சுட்டானா, கன்னத்தில் விழுந்த ஐந்து விரலுக்காகச் சுட்டானா என்று அவனுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது குண்டு செவெரோவின் முழங்காலுக்குக் கீழே சதையைப் பிய்த்துக்கொண்டு போனது.

விழுந்த இடத்திலிருந்தே செவெரோ சொன்னான், "நிறுத்தாதீங்கடா, இடிங்க."

படகைத் தம்பிகள் தோளில் மாற்றிவிட்டுத் தண்ணீரிலிருந்து ஏறி வந்த பொன்சிங், கையிலிருந்த துடுப்பை இரண்டு கையாலும் சுழற்றி ருஃபோவின் தாடையில் இறக்கினான். எலும்பு உடைந்த சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. விழுந்தவனை ஐந்தாறு பேர் சூழ்ந்து மிதித்தார்கள். நேற்றுவரை அவனோடு கள் குடித்தவர்கள். பாசிங் எங்கிருந்து வந்தாளோ, கூந்தல் அவிழ ஓடிவந்து தம்பிமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். நாலைந்து மிதி அவள் முதுகிலும் விழுந்தது.

"என்னையும் சேத்துக் கொன்னுட்டுப் போங்கடா, பொறுக்கிங்களா. படகத் தூக்க வந்தீங்களா, இவனத் தூக்க வந்தீங்களா?"

அந்தப் பேச்சுதான் அவர்களைக் கடல் பக்கம் திருப்பியது. சுவர் பதினான்கு அடிக்குத் திறந்து கிடந்தது. கை பூட்டியபடியே எட்டுப் படகு உள்ளே ஏறியது. ஒன்பதாவதாக, ஒரு கை போன பொன்சிங்கின் படகு. செவெரோ ரத்தத்தோடு மணலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாக எண்ணினான். பத்தடி தள்ளிப் பாசிங் தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் தன்னிடம் முதலில் வரவில்லை என்பது செவெரோவுக்குக் கால் காயத்தைவிட அதிகமாக வலித்தது.

ஆக, அந்த வீட்டில் ஒரே பாயில் இந்தப் பக்கம் சுடப்பட்டவன், அந்தப் பக்கம் சுட்டவன். ருஃபோவைக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பிவிட்டது. வேறு யார் வீட்டுக்குப் போவான்? தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பேச முடியாது. செவெரோவுக்கு முன்பல்லும் இல்லை, நடக்கவும் முடியாது. பாசிங் மூன்று வேளையும் இஞ்சி தட்டிப் போட்டு அரிசிக்கஞ்சி காய்ச்சினாள்.

"ஒருத்தன் கால்ல குண்டடி, ஒருத்தன் வாயில துணி. எனக்குன்னு வாச்சதப் பாரு. ஊரெல்லாம் மீன் சுடுற வாசம், நம்ம வீட்டுல மட்டும் பிரசவ வீடு மாதிரி கஞ்சி. தெறடா வாய. அவ்வளவுதான் தெறக்குமா? துப்பாக்கி பிடிக்கத் தெறந்துச்சே கை."

"மொதல்ல அவன்கிட்டதான போன," என்றான் செவெரோ. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது.

"உன்னை யாரும் அடிச்சுக்கிட்டு இருக்கல. நீ சும்மா ரத்தம் விட்டுக்கிட்டுக் கெடந்த."

செவெரோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் இழுத்தது. அந்தப் பக்கம் ருஃபோவின் தோளும் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று துணிக்கட்டில் தெரியவில்லை.

போலீஸ்காரர் வந்து, யார் சுட்டது என்று கேட்டார். மழையில் தெரியவில்லை என்றான் செவெரோ. தாடையை உடைத்தது யார் என்று கேட்டதற்கு ருஃபோ தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். போலீஸ்காரர் பெருமூச்சு விட்டு, கஞ்சி குடித்துவிட்டுப் போனார்.

ஜனவரிக் கடைசியில் அதே இன்ஜினியர் வந்தார். கூடவே மேனேஜரும், அந்தப் போலீஸ்காரரும். வழியை அகலமாக்க நகரசபை ஒப்புக்கொண்டிருந்தது. எவ்வளவு என்று அளந்து எழுதவேண்டும். எழுதியதும் வழி போக மீதி உடைப்பைக் கம்பெனி மூடிவிடும், இந்தத் தடவை கான்கிரீட். செவெரோ ஊன்றுகோலோடு வந்து நின்றான். பின்னால் பாசிங், அவளுக்குப் பின்னால் ருஃபோ. அவனைப் பார்த்து ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மனோங், இந்த நுனியக் கொஞ்சம்..." என்று இன்ஜினியர் தயங்கித் தயங்கி நீட்டினார்.

செவெரோ கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"படகு வரட்டும் சார்."

"எப்ப வரும்?"

"வரப்ப வரும்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பாசிங் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து வைத்தாள். இன்ஜினியர் உடைந்த கல்மேல் உட்கார்ந்து தின்றார். மூன்று மணிக்குப் பொன்சிங்கின் படகு கரை தொட்டது. புதுக் கழி, புது மிதவை, அன்றைக்குக் காலையில்தான் சுவருக்கு வெளியே வைத்துப் பூட்டியது, மூங்கில் பச்சை இன்னும் மாறவில்லை. பன்னிரண்டு பேர் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார்கள். இடது நுனி வாசல் தூணைத் தாண்டியது. வலது நுனி 'டொக்'.

புயலன்று ஒற்றைக் கையோடு ஏறிய படகு அது. பொன்சிங்கின் படகு தன்னுடையதைவிட ஓரடி அகலம் என்று செவெரோவுக்குத் தெரியும், பதினொரு வருஷமாகத் தெரியும். அன்றைக்குத் தன் படகின் கழியை வைத்துத்தான் கோடு போட்டான். மறுபடியும் அவனேதான். காது மடலில் தையல் தெரிய நின்ற பொன்சிங் அவனைப் பார்த்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"சம்மட்டி," என்றான் செவெரோ.

"பதினாலு அடி இருக்கே, அது போதும்னு எழுதிக்கலாம்," என்றார் மேனேஜர்.

"வேணாம் மனோங், கேஸ் ஆயிரும்," என்றார் போலீஸ்காரர்.

செவெரோ ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டுச் சம்மட்டியை ஓங்கினான். கால் தாங்கவில்லை. கல்லில் ஒரு பொட்டு உதிர்ந்தது, அவன் மணலில் விழுந்தான். தூக்கிவிட யாரும் வருவதற்குள் ருஃபோ வந்து சம்மட்டியை எடுத்தான். பன்னிரண்டு தோளும் படகோடு ஒரு அடி பின்வாங்கியது. அவன் கையில் ஏதாவது இருந்தாலே இப்போது அவர்களுக்குப் பயம்.

"மூட்டு தெரியுதுல்ல, அதப் பாத்துச் சாய்ச்சு அடி," என்றான் செவெரோ கீழே இருந்தபடி.

ஆறு முறை அடித்தான். கல் விழுந்தது, பின்னாலேயே இன்னொன்றும். கம்பியை வளைத்துவிட்டு ருஃபோ ஒதுங்கினான். படகு உரசாமல் போயிற்று. போகிற போக்கில் பொன்சிங், "நகரு, இடிச்சுக்கப் போற," என்றான் ருஃபோவிடம். துடுப்பால் அடித்த பிறகு அவனோடு பேசிய முதல் பேச்சு அது.

செவெரோ எழுந்து இன்ஜினியரின் கையிலிருந்து டேப்பை டப்பாவோடு வாங்கிக்கொண்டான். நுனியை உருவி அவரிடம் நீட்டினான்.

"நுனிய நீங்க பிடிங்க சார். நான் படிக்கிறேன்."

இன்ஜினியர் குனிந்து சுவரோரம் பிடித்தார். செவெரோ நொண்டிக்கொண்டே வாசல் தூண் வரை இழுத்து, கண்ணை இடுக்கி, ஊருக்கே கேட்கும்படி படித்தான்.

"பதினஞ்சடி நாலு அங்குலம்."

காகிதம் வந்தது. மேனேஜர் பேனாவைத் திறந்து நீட்டினார். செவெரோ வாங்கவில்லை.

"மேல 'கை பூட்டின படகு'ன்னு எழுதுங்க சார்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான மனோங்."

"தெரிஞ்சதுதான். எழுதுங்க."

எழுதும்வரை அவன் டேப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.